ஆல்பானின் புல்வெளியில் ஒரு கிளைடர்

ஸ்வாபிய மேட்டில் வெயில் தணிந்ததும் மேலே தூக்கிவிடும் காற்றும் அடங்கிவிடும். புறப்பட்ட திடலுக்குத் திரும்ப முடியாத கிளைடர்கள், எஞ்சின் இல்லாத அந்தச் சின்ன விமானங்கள், எல்லாம் பக்கத்து வயல்காரன் வென்டலின் வயலில்தான் இறங்கின. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற ஆல்பானுக்கு வயிறு எரிந்தது. அவன் வயலும் அதே அகலம்தான். ஆனாலும் ஒரு இறக்கைகூட அவன் பக்கம் திரும்பியதில்லை.

தானே ஓட்டிவந்ததுபோல வென்டல் இறக்கைமேல் கைவைத்துப் போட்டோவுக்கு நிற்பான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆல்பானின் மனைவி ரோஸ்விதா உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு செர்ரி கேக்கோடு வேலி தாண்டுவதைத்தான் தாங்க முடியவில்லை.

"எனக்காக ஒரு நாளாவது இப்படி ஓடி வந்திருக்கியா?"

"நீங்க என்ன வானத்துலேர்ந்தா வர்றீங்க? மாட்டுக் கொட்டகையிலேர்ந்துதானே வர்றீங்க!"

திங்கட்கிழமையே, கிளைடர் இறங்க வாகாக, ஆல்பான் முழங்கால்கூட எட்டாத புல்லை ஒட்ட அறுத்துத் தள்ளினான்.

"ஏன்யா, பச்சப் புள்ளைக்கு மொட்டை போட்டுட்டியே!" என்று சிரித்தான் வென்டல்.

"என் புல்லு, என் இஷ்டம்."

அந்த வாரக் கடைசியில் ஒரு வெள்ளைக் கிளைடர் இரண்டு வயல்களுக்கும் மேலே வட்டமடித்தது. ஆல்பான் தொப்பியைக் கழற்றி வெறிபிடித்தவன்போல வீசினான். அது வேலியை உரசாத குறையாகத் தாண்டி, அவன் வயலிலேயே சறுக்கி நின்றது. மூடியைத் திறந்துகொண்டு எழுந்தவள் ஒரு பெண். நரைத்த பின்னல், வெயிலில் சிவந்த மூக்கு.

"மன்னிச்சிடுங்க, உங்க புல்லைக் கெடுத்துட்டேன்."

"அட, நாளைக்கும் வந்து கெடுங்க!"

அவள் பெயர் கெர்லிண்டே. அவளுடைய நண்பர்கள் கிளைடரை ஏற்றிப்போக வண்டி கொண்டுவரும்வரை, தன் அண்ணன் வந்தால் திறக்கலாமென்று வைத்திருந்த ஆப்பிள் மதுவை ஆல்பான் திறந்துவிட்டான். ஒரு பருந்து தன்னோடு சேர்ந்து வட்டமடித்த கதையை அவள் சொல்ல, வயிறு குலுங்கச் சிரித்தான். வேலிக்கு அப்பால் வென்டல் முகம் சுண்டி நின்றான். ஆல்பான் அவனைக் கூப்பிடவில்லை. மதுவைவிட அதுதான் ருசித்தது.

கேக்கோடு வந்த ரோஸ்விதா, தன் புருஷன் இன்னொருத்தியின் பின்னலில் ஒட்டிய காய்ந்த புல்லை எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். பாதி வயலில் நின்றவள் அப்படியே திரும்பிப் போனாள்.

கழற்றிய இறக்கையைக் குழந்தைபோல ஏந்தி வண்டியில் ஏற்றி வழியனுப்பிவிட்டு, ஆல்பான் சீட்டியடித்தபடி வீட்டுக்குள் வந்தான்.

"நாளன்னைக்கு அந்த வயலை உழுதுடுங்க," என்றாள் ரோஸ்விதா. "மக்காச்சோளம் போடறோம்."

"அப்போ மாட்டுக்குப் புல்லு?"

"அது சோளத்தட்டையத் தின்னட்டும். ஆளுயரத்துக்கு வளரும். எவளும் இறங்க முடியாது."

ஆல்பானுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தனக்காக ஒருத்தி வயிறெரிந்து அவன் பார்த்ததே கிடையாது. டிராக்டரில் டீசல் இருக்கிறதா என்று பார்க்கப் போனான்.