கிணற்றுப் பாசியில் பிடித்த தீ

கோவில்பட்டியில் கல்யாண வீடுகளுக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விட்டுவந்த ஜாபர் அலிக்கு, விளக்கைச் சூடேற்றும் ஸ்பிரிட் என்ற எரிசாராயந்தான் தீராத தலைவலி. மதுவிலக்குக் காலம், லைசென்ஸ் இருந்தும் சொட்டுச் சொட்டாகத்தான் கிடைத்தது.

ஒரு மத்தியானம் இடைசெவலுக்கு விளக்கு கொண்டுபோனவர், அந்த ஊர்ச் சம்சாரி கொம்பையாவின் தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தார். தண்ணீரே தெரியாமல் பாசி மூடிக் கிடந்தது. வெயில் பட்ட இடங்களில் குமிழ் குமிழாக மூச்சு விட்டது. பாசியிலும் மாவுச்சத்து உண்டு, புளிக்கவைத்துக் காய்ச்சினால் ஸ்பிரிட் இறங்கும் என்று எப்போதோ பத்திரிகையில் படித்தது ஞாபகம் வந்தது. அந்தப் பச்சைக்கு அடியில் ஊர் ஊராக விளக்குகள் எரிவதுபோல் தோன்ற, அப்படியே நின்றுவிட்டார்.

வீட்டில் காய்ச்ச மனைவி நபீசா சம்மதிக்கவில்லை.

"குடிக்கவா காய்ச்சுதேன்? எரிக்கத்தான?" என்று கேட்டுப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதனால் கொம்பையாவின் தோட்டத்துக் கொட்டகையிலேயே வேலை நடந்தது. பாசியை அள்ளிக் காயவைத்து, வேகவைத்து, மாவு இனிப்பாக மாற கொம்பையா வீட்டுக் கம்பை முளைகட்டி இடித்துப் போட்டு, ரொட்டிக்கடை ஈஸ்ட்டும் கலந்து மூடிவைத்தார்கள். பானை உள்ளுக்குள் முணுமுணுத்தது. அதில் காதை வைத்துக் கேட்டபடியே ஜாபர் அலி கண்ணயர்ந்துவிடுவார்; கனவிலும் பச்சைத் தண்ணீர்தான்.

முதலில் வடித்தது எரியவில்லை. தீக்குச்சிதான் அணைந்தது. அதையே திரும்பத் திரும்பக் காய்ச்சினார். கடைசியில் ஒரு கை அளவு தேறியதில் தீ பிடித்துக்கொண்டது. கொட்டகையின் அரையிருட்டில் நீலமாக, சத்தமே இல்லாமல் நின்று எரிந்தது. தொட்டுவிடலாம் போலிருந்தது.

கொம்பையா குனிந்து அதைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுல பாசி எரியுதா, எங் கம்பு எரியுதா?"

கம்பு சேர்க்காமல் இன்னொரு பானை போட்டுப் பார்த்துவிடலாம் என்றார் ஜாபர் அலி. ஆனால் அதற்குள் கோடை முற்றிவிட்டது. கிணறு வற்றி, பாசி கல்லோடு ஒட்டிக் காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கரிசல் பாளம் பாளமாக வெடித்தது. எஞ்சியிருந்த ஸ்பிரிட்டை ஊற்றி ஒரு சாயங்காலம் தன் வீட்டு விளக்கையே ஏற்றினார். நபீசா தைக்கிற துணியை எடுத்துக்கொண்டு வந்து அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்தாள்.

ஐப்பசியில் மழை கொட்டியது. கடையைச் சாத்திவிட்டுச் சைக்கிளில் இடைசெவலுக்குப் போனார். கிணற்றில் கலங்கல் தண்ணீர் பாதிக்கு மேல் நின்றது. அடுத்த பானைக்குப் பச்சை படர இன்னும் வெகுநாளாகும். அவர் கரையில் உட்கார்ந்தார். கொம்பையாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.