வளையம் விழாத தட்டு

தட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோதே தமிழ்மொழிக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஸ்கேலை எடுத்தாள். பெரம்பலூரில் மூன்று வருடமாகக் கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். எதையும் அளக்காமல் எழுதுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

கிருமி வளர்ந்த தட்டில் மருந்து வில்லைகளை வைத்தால், வேலை செய்கிற மருந்தைச் சுற்றிக் கிருமி செத்துச் சுத்தமான வளையம் ஒன்று விழும். வளையம் விழாத மருந்தைக் கொடுப்பதும் ஒன்றுதான், பச்சைத் தண்ணீரைக் கொடுப்பதும் ஒன்றுதான். இந்தத் தட்டில் பன்னிரண்டு வில்லைகள். ஒன்றைச் சுற்றியும் வளையம் இல்லை. அளப்பதற்கு எதுவுமே இல்லாமல் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தட்டின் அடியில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. ஆனால் அந்த எண்ணைத் தன் கையாலேயே எழுதியிருந்தாள். அது அவளுடைய அம்மா ஆண்டாயியின் சிறுநீர். ஆண்டாயி பக்கத்து ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள்.

ஆண்டாயிக்குக் களை எடுக்கிற வேலை. செந்துறைப் பக்கத்து மக்காச்சோளக் காடுகளில் எட்டுப் பெண்கள் சேர்ந்த ஒரு செட்டு. காட்டில் ஒதுங்க இடம் கிடையாது என்பதால் பொழுது சாயும்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். எட்டுப் பேருக்கும் நீர்க்கடுப்பு. முதல் தடவை ஆண்டாயி கூச்சப்பட்டுச் சுற்றி வளைத்து விஷயத்தைப் போனில் சொன்னபோது, ஒரு பரிசோதனையும் செய்யாமல் ஐந்து நாள் மாத்திரையை வாங்கிப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள் மகள்.

ஆண்டாயி இரண்டு நாள் போட்டாள். எரிச்சல் நின்றுவிட்டது. மிச்சத்தைச் செட்டுக்குப் பிரித்துக் கொடுத்தாள். களை செட்டில் தனியாகத் தின்கிற வழக்கமே கிடையாது. ஒருத்தி கொண்டுவரும் ஊறுகாயும் எட்டுப் பேருக்கு, வெற்றிலையும் எட்டுப் பேருக்கு. மாத்திரையை மட்டும் முந்தானையில் ஒளித்து வைத்துக்கொள்ள அவளுக்கு மனசு வருமா?

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவளே பெருமையாகச் சொன்னாள். "ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன்டி. எல்லாருக்கும் நல்லா கேட்டுச்சு. மொழி மாத்திரைன்னே பேரு வச்சுட்டாளுவ."

தமிழ்மொழி சிரித்தாள். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, அடுத்த தடவை இரண்டு அட்டை கூடுதலாக வாங்கி அனுப்பினாள். ஊர் ஊராகப் போய், மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள், அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள், சாகாமல் மிஞ்சுகிற கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று மைக் பிடித்துப் பேசியவள்தான். பெற்றவள் முகத்தில் அந்தப் பூரிப்பைப் பார்த்ததும் படித்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

அவளுடைய பேராசிரியர் வீரமணி தட்டை வாங்கிப் பார்த்தார். மாத்திரை போன கதையையும் அவள் சொல்லக் கேட்டுக்கொண்டார்.

"அந்த மாத்திரையாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. தண்ணியில வந்திருக்கலாம். போன வருஷம் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் படுத்திருந்தாங்களே, அங்கேர்ந்துகூட வந்திருக்கலாம்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்தச் சரியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

தட்டில் வைக்காத மருந்து ஒன்று கடைசியாக மிச்சம் இருந்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து, ஆண்டாயியின் சிறுநீரகமோ ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் டாக்டர்கள் அதை ஏற்றினார்கள். தமிழ்மொழி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என்னடி சொன்னாங்க உன் லேப்புல?"

"பெரிய மருந்தா போட்டிருக்காங்கம்மா."

"அப்ப சரி. நீ இருக்கறப்ப எனக்கென்ன" என்று கண்ணை மூடிக்கொண்டாள் ஆண்டாயி. இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் போய்ச் சேர்ந்தாள்.

பால் தெளித்த அன்று செட்டுப் பெண்கள் ஏழு பேரும் வந்திருந்தார்கள். மாரடித்து அழுதார்கள். அழுது முடிந்ததும் ஆண்டாயியின் உயிர்த்தோழி செல்வம்மாள், தமிழ்மொழியைக் கொல்லைப்பக்கம் தனியாக அழைத்துப்போனாள்.

"நேரங்கெட்ட நேரத்துல கேக்கறேன்னு நெனைக்காத தாயி. நாலு நாளா ஒண்ணுக்குப் போனா எரிஞ்சு உசுரு போவுது. அந்த மாத்திரை ரெண்டு இருந்தா குடு."

தமிழ்மொழி இல்லை என்று தலையாட்டினாள்.

"மாத்திரை வேணாம் அத்தை. நாளைக்கு என்னோட பெரம்பலூர் வாங்க. டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு, டாக்டருகிட்ட கேட்டுப் போடலாம்."

"கூலிய வுட்டுட்டு அம்மாந்தூரம் எங்க வர்றது? ரெண்டு மாத்திரைக்கு இம்புட்டா?"

"நான் பாக்காம குடுத்தனுப்பினதே தப்பு அத்தை. அம்மாவுக்குக் கடைசியில எந்த மருந்தும் கேக்கல. அந்த மாத்திரைய இப்புடிப் போட்டா, நாளைக்கு உங்களுக்கும்…"

ஊருக்கே மருந்து கொடுத்த கை என்று உள்ளே அம்மாவைச் சொல்லிச் சொல்லி அழுகிறார்கள். அந்தக் கையைப் பற்றி மிச்சத்தை எப்படிச் சொல்வது? செல்வம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. மகள்காரிக்குக் கொடுக்க மனசில்லை என்று மட்டும்தான் புரிந்துகொண்டாள்.

"உங்கம்மா இருந்திருந்தா குடுத்திருப்பா" என்று சொல்லிவிட்டு, வலியோடு மெல்ல நடந்தாள்.

உண்மைதான். கேட்பதற்கு முன்பே கொடுத்திருப்பாள். ஆஸ்பத்திரியிலும் சுடுகாட்டிலும் வராத அழுகை தமிழ்மொழிக்கு அப்போதுதான் வந்தது. ஓடிப்போய்ச் செல்வம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விடச் சொன்ன பிறகும் விடவில்லை.