கடைசிப் பத்து நிமிடம்

2

ஒன்றாம் பகுதி எங்கே என்று தேடாதீர்கள். அது என்னிடம் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் கதை.

இந்தக் கதை என் வாய்த்துடுக்கில் பிறந்தது. மூன்று வருடங்களுக்கு முன் என் அம்மாவை இன்னொருத்தி முன்னால் வைத்து மட்டம் தட்டினேன். அன்றோடு அம்மா கதை சொல்வதை நிறுத்திவிட்டாள். அவளை மறுபடி சொல்ல வைக்கத்தான் இதை எழுதத் தொடங்கினேன். கூடவே இலக்கியமும் வந்து சேர்ந்தால் வரட்டும், உபரி.

3

முதலில் எழுதிய தொடக்கம் இது:

‘நான்கு திரைகள் கொண்ட அந்தத் திரையரங்கின் இருட்டில், துடைப்பத்தோடு நிற்கும் அந்த வயதான கைகளின் வெடிப்புகளில், ஒரு வர்க்கத்தின்…’

இதற்கு மேல் ஓடவில்லை. கை எப்படி நிற்கும்? அம்மாவுக்கு வயதும் நாற்பத்தெட்டுதான். இருந்தும் அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

“யாருடி இவ, பாவம்?”

“நீதாம்மா.”

“நானா? நான் எப்போ இப்படி மூக்கைச் சிந்திக்கிட்டு நின்னேன்? ஒரு தடவையாவது அவளைச் சிரிக்க விடுடி.”

கிழித்துப் போட்டேன்.

4

இனி உள்ளது உள்ளபடி. அம்மாவுக்குத் திரையரங்கில் துப்புரவு வேலை. ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே பதினைந்தே நிமிடம். அதனால் படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே துடைப்பமும் சாக்குமாகப் பின்கதவோரம் போய் நிற்க வேண்டும். விளக்கு எரிந்ததும் பாய வேண்டும். அடுத்த படம் தொடங்கும்போது அவள் வேறொரு திரையின் கதவோரம் நிற்பாள். லீவு நாளில் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டாள்.

ஆக, பதினோரு வருடங்களில் நூற்றுக்கணக்கான படங்களின் முடிவைப் பார்த்திருக்கிறாள். ஒன்றின் தொடக்கத்தையும் பார்த்ததில்லை.

[இந்த இடத்தில் கோபம் வர வேண்டும் எனக்கு. எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. பட்டத்தோடு கோபத்தையும் சுருட்டிக் கையில் கொடுத்தார்கள். முந்நூறு நாற்காலி இருக்கிற இடத்தில் ஒருத்தியை நிற்க வைத்தே வேலை வாங்குவது அயோக்கியத்தனம். இந்த வாக்கியத்தை அடிக்கப் போவதில்லை, இருக்கட்டும்.]

ஆனால் என் கோபத்துக்குத் தெரியாத ஒன்று உண்டு. கடைசி வரிசையைப் பெருக்கி முடித்ததும் அம்மா ஒரு நாற்காலியில் அரை நிமிடம் உட்காருவாள்.

“யாரோ உக்காந்து சூடு பண்ணி வச்சுட்டுப் போயிருக்காங்க. வேணாங்கலாமா?”

5

அவளுக்குக் காலை முறை. மாலை நாலு மணிக்கு வீட்டுக்கு வந்ததும், ஒரு பேசினில் வெந்நீர் ஊற்றிக் கால் இரண்டையும் உள்ளே விட்டுக்கொண்டு உட்காருவாள். நானும் தம்பியும் எதிரே. அன்று பார்த்த முடிவைச் சொல்வாள். பிறகு, அது எப்படித் தொடங்கியிருக்கும் என்று அவளே கட்டிச் சொல்வாள்.

ஒரு படத்தில் தாடிக்காரன் ஒருவன் பாலத்தின் மேலிருந்து ஒரு பெட்டியை ஆற்றில் போடுகிறான். பக்கத்தில் நிற்கும் பெண் சிரிக்கிறாள். முற்றும்.

“பெட்டிக்குள்ள அவங்கப்பாவோட பல்செட்டு” என்றாள் அம்மா. (அந்த வாரம் நாற்காலிக்கடியில் அவளுக்கு நிஜமாகவே ஒரு பல்செட் கிடைத்திருந்தது.) “மனுஷன் சாகுற வரைக்கும் மருமகளைத் திட்டிக்கிட்டே இருந்தாரு. செத்தப்புறமும் பெட்டிக்குள்ள கடகடன்னு சத்தம். பின்ன, ஆத்துல போட்டா சிரிக்க மாட்டாளா?”

தம்பிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

6

(இந்தப் பகுதியை நாலு தடவை எழுதினேன். நாலிலும் என்னைக் கொஞ்சம் நல்லவளாக்கப் பார்த்தேன். இது ஐந்தாவது.)

கல்லூரியில் முதல் வருடம். அந்தப் பெட்டிப் படத்தைத் தோழிகளோடு முழுதாகப் பார்த்துவிட்டு வந்தேன். அம்மாவோடு வேலை பார்க்கும் ரேடியோ அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். வாய் ஓயாது, அதனால் ரேடியோ. அவளுக்கு அம்மா பல்செட் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ம்மா, பெட்டியில இருந்தது வைரம். கடத்தல் வைரம். கடைசியை மட்டும் பார்த்துட்டு ஏன் உளர்ற?”

ரேடியோவே வாயை மூடிக்கொண்டது. அம்மா பேசினிலிருந்து காலை வெளியே எடுத்தாள். தண்ணீரில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

“சரிதான். படிச்சவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அதற்குப் பிறகும் பேசினாள், சிரித்தாள், என்னைத் திட்டினாள். கதை மட்டும் வரவில்லை.

7

முடிவுக்கு மூன்று வழிகள் பார்த்தேன்.

முதலாவது: அவளைத் தொடக்கத்திலிருந்தே படம் பார்க்க வைப்பது. டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து நீட்டினேன். “முதல்லேர்ந்து பார்த்தா அப்புறம் எனக்கு அங்க என்ன வேலை?” என்றாள். தம்பிதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

இரண்டாவது: மன்னிப்பு. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. “சாப்பிட்டியா” என்று கேட்போம். மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது சாமி. எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் அம்மா கும்பிடும்போது கொஞ்சம் சேர்த்துக் கேட்கச் சொல்லலாமே. தினமும் காலையில் அடுப்படி ஜன்னலோரம் கண்ணை மூடி நிற்பாள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

“என்னம்மா வேண்டிக்கிட்ட?”

“ஒண்ணும் வேண்டல. நேத்துக்கு நன்றி சொன்னேன். அவ்வளவு முடிவு பார்த்திருக்கேன், எல்லாம் எப்படியோ சரியாத்தான் போய் நிக்குது. அப்புறம் எதுக்கு வேலையிருக்கிறவரைப் போட்டுத் தொணதொணன்னு?”

அது சினிமாம்மா, என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். இவ்வளவு பெரிய நம்பிக்கையை நின்றுகொண்டே சேர்த்திருக்கிறாள். அதில் அரை நிமிடச் சூட்டுக்கும் பங்கு உண்டு. என் படிப்பும் அந்த நம்பிக்கையில்தான் ஓடியது. நான் எந்த முகத்தோடு திருத்துவது?

8

போன திங்கட்கிழமை ஒரு பக்கம் எழுதினேன். வெறும் முடிவு மட்டும். அம்மா காலை நனைத்துக்கொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து வாசித்தேன்:

‘படம் முடிந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. பெருக்க வந்தவள், “ஏம்மா, போகலையா?” என்கிறாள். “உங்களுக்காகத்தான் சூடு பண்ணி வச்சேன், உக்காருங்க” என்று அந்தப் பெண் எழுந்து, துடைப்பத்தைக் கையில் வாங்கிக்கொள்கிறாள். முற்றும்.’

அம்மா கொஞ்ச நேரம் பேசினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரு அந்தப் பொண்ணு?”

“தெரியலம்மா. நான் கடைசிலதான் உள்ள போனேன்.”

“அப்படியா?”

“ஆமா.”

“அவளுக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி” என்றாள்.

“அது எப்படி உனக்குத் தெரியும்?”

“பிறக்கும்போதே அப்படித்தான். குறுக்க பேசாம கேளு.”

கேட்டேன். அதுதான் ஒன்றாம் பகுதி. அதை எழுத மாட்டேன், அது அவளுடையது. அதில் பல்செட் வருகிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். உங்கள் கையில் முடிவு இருக்கிறது, தொடக்கத்தை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். தப்பு என்று சொல்ல நான் வர மாட்டேன்.

இன்று நாலாவது நாள். அம்மா சொல்லும் கதை இன்னும் அந்த நாற்காலி வரை வந்து சேரவில்லை. பேசினில் தண்ணீர் ஆறிவிட்டது. நான் போய் வெந்நீர் வைக்க வேண்டும்.