பதினொரு வினாடி

காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாவது கவுண்டரில் இருந்தவளுக்குச் சக ஊழியர்கள் வைத்த பெயர் ஆமை. பழைய பாலிசிகளெல்லாம் அவள் தலையில். ஒவ்வொன்றுக்கும் இருபது திரை திறக்க வேண்டும். அதனால் அவள் வரிசைதான் வாசல்வரை நீளும். இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியாயிற்று. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். வீட்டில் முதுகு ஒடிந்து படுத்திருக்கும் கணவருக்கும் சேர்த்து அவள் ஒருத்திதான் சம்பாதிக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன?

கம்ப்யூட்டர்தான் இழுக்கிறது என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். சர்வர் அறையில் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்த புண்ணியவான்களோ, பதில் ஒரே வினாடியில் கிளம்பிவிடுகிறது என்றார்கள். கிளம்பியது அவள் திரைக்கு எப்போது வந்து சேர்கிறது என்று எழுந்துவந்து பார்க்க ஒருவருக்கும் மனசு வரவில்லை.

கடைசியில் தலைமை அலுவலகம் ஓர் ஆளை அனுப்பியது. பொத்தானை அழுத்தியதிலிருந்து திரையில் பதில் வரும்வரை, பின்னால் உட்கார்ந்து ஸ்டாப்வாட்சில் அளப்பது அவர் வேலை. மற்ற இரண்டு கவுண்டர்காரர்களும், யாராவது பார்த்தால் கை ஓடாது என்று நழுவிவிட்டார்கள். இவள் தானே அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். அழுத்தும்போதெல்லாம் அவருக்குக் கேட்கும்படி “ம்” என்றாள். ஒன்றைக்கூட விடாமல் எழுதச் சொன்னாள். மூன்று நாளும் அசட்டுப் பெண் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

சராசரி பதினொரு வினாடி. நாளுக்கு எண்ணூறு தடவை. கூட்டினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்.

மேலாளர் அறிக்கையைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். யாரையும் உட்காரச் சொல்கிற ஆளில்லை அவர்.

“நீ சொன்னது சரிதாம்மா. உன்மேல தப்பே இல்ல.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ஆனா தினமும் ரெண்டரை மணி நேரம் சும்மா உக்காந்திருக்கேன்னு இதுல இருக்கே.”

“நான் மட்டுமா சார்? மூணு பேரும்தானே காத்துக்கிட்டிருக்கோம்.”

“அவங்கள யாரும் அளக்கலையே.”

அளந்தவர் அங்கேதான் நின்றார். தான் அளந்தது இயந்திரத்தை என்று மெல்லச் சொன்னார். மேலாளர் அதையும் மறுக்கவில்லை. புது இயந்திரம் வாங்க மேலிடம் சம்மதிக்காது, ஆளைக் குறைக்கச் சம்மதித்துவிட்டது, இந்த வாரத்தோடு மூன்றாவது கவுண்டர் மூடப்படும் என்று விளக்கினார். பிறகு அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனாவை நீட்டினார்.

“அளவு சரின்னு ஒரு கையெழுத்து போட்டுடும்மா.”

ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. போட்டாள்.