முஸ்தபா பாய்க்காகத் திறந்த பஜார்

மய்யித்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தபோது தெருவில் முதல் ஷட்டர் இறங்கியது. ஷாஹீதா கையிலிருந்த கற்பூரப் பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மாடி ஜன்னலுக்கு ஓடினாள். எதிரே செல்போன் கடை மூடிவிட்டது. மருந்துக்கடை பாதி இறங்கியிருந்தது. உத்திரமேரூர் பஜார் மொத்தமும் துக்கத்துக்காகக் கடகடவென்று மூடிக்கொண்டே வந்தது. உள்ளே படுத்திருந்த அத்தா முஸ்தபா பாயின் காதில் மட்டும் இது விழுந்திருந்தால், போன உயிர் பாதி வழியில் திரும்பி வந்திருக்கும்.

பின்னே என்ன? ஆயுள் முழுக்க அந்த மனுஷன் சண்டை போட்டதே இந்தச் சத்தத்தோடுதான். முஸ்தபா பாய் லுங்கியும் துண்டும் விற்றவர். அது பிழைப்பு. விற்பவனையும் வாங்குபவனையும் யாரும் குறுக்கே நின்று தடுக்கக் கூடாது என்பது கொள்கை. இந்த ஒரே பேச்சை வைத்துக்கொண்டு தராசுச் சின்னத்தில் நின்று ஒருமுறை பேரூராட்சித் தலைவரானார். சந்தையை ஒரே ஆளுக்கு ஏலம் விடும் வழக்கத்தை ஒழித்து, யார் வேண்டுமானாலும் வந்து கூடை இறக்கலாம் என்றார். அந்தத் தெம்பில் சட்டமன்றத்துக்கும் நின்று டெபாசிட்டைப் பறிகொடுத்தார். ஓட்டும் சரக்குதான், இந்தத் தபா கிராக்கி வாங்கல என்று சிரித்துவிட்டு மறுநாள் காலையில் வழக்கம்போலக் கடை திறந்தார்.

கடைசியில் ஆசை கடல் தாண்டியது. ஜெனீவாவில் இருக்கிற உலகச் சிறுவணிகர் மாமன்றத்துக்குத் தலைவராக மனுப் போட்டார். உத்திரமேரூர் எங்கே, ஜெனீவா எங்கே என்று ஊர் சிரித்தது. ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டுத் தேர்தல் நடத்திய ஊர்க்காரன் நான், எனக்கா தேர்தல் தெரியாது என்று அவர் காணொலியில் பேசியதை ஷாஹீதாதான் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொன்னாள். வாக்கெடுப்பு இன்றைக்கு. மனுஷன் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுப் பாயிலேயே சாய்ந்துவிட்டார். அவள் அழுதுகொண்டே மாமன்றத்துக்குச் சொன்னாள். வருந்துகிறோம், வாக்குச்சீட்டு எல்லா நாட்டுக்கும் போய்விட்டது, இனிமேல் பெயரை எடுக்க முடியாது என்று பதில் வந்தது. ஆக, மய்யித்தைச் சுற்றக் கபன் துணி வெட்டிக்கொண்டிருந்த நேரத்திலும் முஸ்தபா பாய் வேட்பாளர்தான்.

"வேதகிரி மாமாவக் கூப்புடுங்க" என்றாள் ஷாஹீதா.

வேதகிரி வணிகர் சங்கத் தலைவர். அடுத்த வரிசையில் பாத்திரக்கடை வைத்திருந்தார். வாசலிலேயே 'ஒரே விலை' என்று பலகை தொங்கும். பேரம் பேசுவது இரண்டு பேருக்கும் மரியாதை இல்லை என்பார். சங்கம் கடையடைப்பு அறிவிக்கும்போதெல்லாம் முஸ்தபா பாய் கடை மட்டும் திறந்திருக்கும். எவனாவது வயிற்றெரிச்சலில் கல்லை விட்டெறிந்தால்? அதற்காக, அடைக்கச் சொன்ன வேதகிரியே திறந்த கடை வாசலில் நாற்காலி போட்டுப் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் டீயைக் குடித்தபடி ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கடையில் அவர் ஒரு கைக்குட்டைகூட வாங்கியதில்லை. விலை எழுதிப் போடாத கடையில் வாங்க மாட்டேன் என்று ஒரு வைராக்கியம்.

பாய்க்கு அதில் வருத்தமே இல்லை. பேரம் பேசத் தெரியாதவனுக்குத் துணி எதற்கு என்பார். கிராக்கி விலை கேட்டுவிட்டுப் படி இறங்கினால் பாய் அவன் நடையைத்தான் பார்ப்பார். நிஜமாகவே போகிறவன் விறுவிறுவென்று போய்விடுவான். கூப்பிடுவார்கள் என்று போகிறவன், காதைப் பின்னால் வைத்துக்கொண்டு மெதுவாகப் போவான்.

வேதகிரி மாடியேறி வந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. கடைகளைத் திறக்கச் சொல்லுங்கள் என்று ஷாஹீதா அவரிடம் கேட்டாள். பாயின் தம்பி உபைதுல்லாதான் பொங்கிவிட்டார். போன மாசம் யார் யாருக்கோ மூடினார்களே, நம் வீட்டு மய்யித்து மட்டும் இளப்பமா, அண்ணன் போகிற வழியில் ஊர் வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தால் நாளைக்கு எவன் மதிப்பான் என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. ஷாஹீதாவுக்கே உள்ளூர ஆசைதான், அத்தாவுக்காக ஊரே மூடிக் கிடப்பதைப் பார்க்க. அந்த ஆசைதான் அவளைப் பயமுறுத்தியது. இன்றைக்கு மூட விட்டால், அந்த மனுஷன் வாழ்ந்த வாழ்க்கையை அவர் பெண்ணே மூடி வைத்த மாதிரி ஆகிவிடும்.

"கண்டவனுக்கெல்லாம் மூடச் சொல்லிக்கினு இருந்தேன்" என்றார் வேதகிரி. "மனசறிஞ்சி மூடச் சொன்னது இவரு ஒருத்தருக்குத்தான். அதையும் வேணான்றியேம்மா."

"ஊரே மூடச் சொல்ல, அத்தா கடைக்கு நீங்கதான மாமா நாற்காலி போட்டுக்கினு காவல் இருந்தீங்க?" அவள் மய்யித்துப் பக்கம் கை காட்டினாள். "இன்னிக்கும் அவரு பக்கம் குந்துங்க. கடைசி தபா."

வேதகிரி மய்யித்தின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "செத்தும் வுட மாட்டேன்ற பாய்" என்று முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினார். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. ஷாஹீதா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். முதலில் ஏறியது பாத்திரக்கடை ஷட்டர்தான். அதற்குப் பிறகு மருந்துக்கடை, செல்போன் கடை என்று வரிசையாக ஏறின.

சாயங்காலம் அஸர் தொழுகைக்கு ஜனாஸா ஊர்வலம் புறப்பட்டது. பெண்கள் அதோடு போவதில்லை. அவள் ஜன்னலிலிருந்தே பார்த்தாள். மய்யித்தைச் சுமந்த சந்தூக்கின் முன்காலில் வேதகிரியின் தோள் இருந்தது. டீக்கடையில் பாய்லர் புகைந்தது. மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டையை நீட்டிய கையோடு எழுந்து நின்றார். பூக்காரி செங்கேணி மூக்கைச் சிந்திச் சிந்தி முழம் போட்டாள். அழுகிற அழுகையில் கை நீண்டு, வாங்குகிறவளுக்கு ஒரு சாண் லாபம். ஊர்வலத்தில் முறைப்பாக நடந்த உபைதுல்லா சாச்சா இதையெல்லாம் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனார். முக்கு திரும்பும்போது அவர் தலை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

ஜனாஸா மறைந்ததும் உள்ளறையிலிருந்து அம்மா சைனம்பு கூப்பிட்டாள். தலையணைக்கு அடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து நீட்டினாள்.

"ஊரெல்லாம் தொறக்க வெச்சிட்ட. நம்ம கடை மூடிக் கீது பாரு. அவரு இருந்தா இந்நேரம் நாலு லுங்கி வித்திருப்பாரு."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்துவிட்டு, உடனே அழுதார்கள்.

ஷாஹீதா கீழே போய் ஷட்டரைத் தூக்கினாள். கல்லாவில் உட்கார்ந்த சற்று நேரத்தில் போனில் மாமன்றத்துச் செய்தி வந்தது. கானா நாட்டில் துணிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள் ஜெயித்துவிட்டாள். முஸ்தபா இரண்டாவது. இறந்த செய்தி தெரிந்த பிறகும் பலர் அவருக்கே வாக்களித்தார்கள் என்று ஒரு வரி கூடவே இருந்தது. அந்த வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள்.

அடக்கம் முடிந்து வேதகிரி நேரே அங்கேதான் வந்தார். நகத்திலெல்லாம் மண். குளிக்காமல் கடைக்குள் ஏறக் கூடாதென்று தெருவிலேயே நின்றுகொண்டார்.

"ஓட்டு இன்னா ஆச்சு?"

"தோத்துட்டாரு மாமா. ரெண்டாவது."

வேதகிரிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒழுங்கா எண்ணுனானுங்களா? இன்னொரு தபா எண்ணச் சொல்லி எழுது. சங்கத்து லெட்டர் பேடு நான் தரேன்."

காலையிலிருந்து முதல்முறையாக ஷாஹீதா வாய்விட்டுச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. குளத்தில் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும், ஒரு துண்டு எடு என்றார்.

அவள் நீலக்கரை போட்ட துண்டை எடுத்தாள். சும்மா கொண்டு போங்க என்று சொல்ல வாயெடுத்து, அத்தாவை நினைத்து அடக்கிக்கொண்டு விலையைச் சொன்னாள். வேதகிரி துண்டைப் பார்த்தார். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். 'ஒரே விலை' பலகை தூரத்தில் தெரிந்தது.

"ஜாஸ்தியா கீதே" என்றார், மெதுவாக. "கொறைச்சுக்கோ."

ஷாஹீதா துண்டை மடியில் வைத்துக்கொண்டு கல்லாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கட்டுப்படி ஆவாது மாமா."

"அப்ப வேணாம்" என்று திரும்பி நடந்தார்.

நடந்தார் என்று பெயர்தான். டீக்கடை வரைக்கும் போவதற்குள் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். துண்டு ஷாஹீதாவின் மடியில் கிடந்தது. கூப்பிடத்தான் நினைத்தாள், அத்தா மாதிரி அந்த நடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேதகிரி பூக்காரிக்கு முன்னால் நின்று, திரும்பிப் பார்க்காமல், குனிந்து செருப்பு வாரை அவிழ்த்துத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார்.