ஆதம்பாவாவின் முதுகு

கிண்ணியா ஆதம்பாவாவின் முதுகு பிறந்ததிலிருந்து தரையைத் தொட்டதில்லை. பாயில் படுத்தால் நாலு விரல் மேலே நிற்பார். ஊரார் இதைப் பெரிதுபடுத்தவில்லை. மனைவிக்குத்தான், சித்தி பரீதா என்று பெயர், மனத்தாங்கல், ஒரே பாயில் படுத்தும் புருசன் மேல்மாடியில் இருப்பதுபோல.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துமூன்றில் ஒரு நட்பு நாடு தன் மல்யுத்த வீரர்களைக் கப்பலேற்றித் திருகோணமலைக்கு அனுப்பியது. நல்லெண்ணக் காட்சியாம். விருந்தாளிதான் வெல்ல வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. தோற்றுக்கொடுக்க ஆள் தேடிய கச்சேரி என்னும் அரசாங்கப் பணிமனையின் அதிகாரி சிவகுருநாதன், துறைமுகத்தில் நாட்கூலிக்கு மூட்டை சுமந்த ஆதம்பாவாவின் தோள்களைக் கண்டார். முதுகு தரையில் பட்டால் நிரந்தர வேலை என்றார்.

"ஐயா, விழுறத்துக்கு ஏலும். முதுகு தரையில படாது."

"விசர்க்கதை கதையாதையும்!"

மாற்றலாகி வந்து ஒரு மாதமும் ஆகாத மனிதர், அவருக்கு எங்கே தெரியும்? கப்பல் வராத நாளில் ஆதம்பாவா வீட்டில் அடுப்பு எரியாது. சித்தி பரீதாவின் வயிற்றில் பிள்ளை வேறு. சரி என்றுவிட்டார்.

காட்சியன்று கடற்கரை மேடையில் வெள்ளைக்கார வீரன் அவரைத் தலைக்கு மேல் தூக்கி அறைந்தான். முதுகு நாலு விரல் உயரத்தில் நின்றது. நெஞ்சில் ஏறிப் படுத்து அமுக்கினான். அவனும் சேர்ந்து மிதந்தான். நடுவர் எண்ணுவதற்கு உயர்த்திய கை உயர்ந்தபடியே நின்றது. முன்வரிசையில் இருந்த அந்த நாட்டுத் தூதுவரின் சிரிப்புக் காணாமல் போனது. தங்களைக் கேலி பண்ணுவதாக எண்ணி அவருடைய ஆட்கள் எழுந்தார்கள், பொலிசார் குண்டாந்தடியை இறுக்கினார்கள். சிவகுருநாதனுக்குச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. "அல்லாவே, இண்டைக்கு மட்டும் இறக்கிவிடு," என்று ஆதம்பாவா வாய்விட்டு அழுதார். இறங்கினால்தானே!

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சித்தி பரீதா எழுந்து, முக்காட்டைச் செருகி, வயிற்றைத் தாங்கியபடி மேடையோரம் வந்தார். கயிற்றுக்குக் கீழால் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அந்த இடைவெளிக்குள் நுழைத்தார்.

"மச்சான், பயப்படாதீங்க. இப்ப சாயுங்க."

சாய்ந்தார். இரண்டு ஆம்பிளைகளின் பாரத்தில் சித்தி பரீதா பல்லைக் கடித்துக்கொண்டார், கையை எடுக்கவில்லை. நடுவர் குனிந்து பார்த்தார்: முதுகு கையில், கை தரையில். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினார். பாண்டு வாத்தியம் முழங்கியது, தூதுவர் கைதட்டினார்.

வேலை கிடைத்தது, மகளும் பிறந்தாள். அன்றிலிருந்து சித்தி பரீதா, வீக்கம் வற்றிய கைகளை அவர் முதுகுக்குக் கீழே வைத்தே தூங்கினார். இடைவெளி அதே நாலு விரல்தான். ஆனால் யார் கேட்டாலும் ஆதம்பாவா, "நான் தரையிலதான் படுக்கிறன்," என்பார். கிண்ணியாவில் அதை ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை.