யார் எடுத்த நாரை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. போன மாதம் நானும் நண்பர் மூர்த்தியும் பத்து பாகாட் என்ற ஊரின் கடலோரத்தில் பறவைகளைப் படம் எடுக்கப் போனோம். ஒரே கயாக் படகு, ஆளுக்கொரு கேமரா, ஒரே நாரை. என் படத்தில் வெள்ளையாக ஏதோ கலங்கித் தெரிந்தது. அவர் படத்தில் நாரையின் கண் தெரிந்தது. "நல்லா வந்திருக்கு லா" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி எழுத மனம் வரவில்லை. அதனால் காலத்தை 1930களுக்குத் தள்ளி, என் இடத்தில் கிரகோரி என்பவரை உட்காரவைத்தேன்.

2

முதல் வரி இப்படி வந்தது: "கடல் வற்றிக்கொண்டிருந்தது, கிரகோரியின் உள்ளத்திலும் ஏதோ ஒன்று வற்றி..." வேண்டாம். கடல் வற்றினால் சேறு தெரியும். சேறு தெரிந்தால் பறவைகள் இரைக்கு இறங்கும். அவ்வளவுதான்.

கிரகோரி பத்து பாகாட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர் மனைவி ஐலீன் கல்யாணப் படங்களுக்கு வண்ணம் தீட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிரகோரி சம்பான் என்ற சிறு துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாரைகளைத் தேடிப் போவார். கண்ணாடித் தகடு போடும் பெரிய கேமரா, ஆடுகிற சம்பான். பல வருஷமாகியும் உருப்படியாக ஒரு படம் தேறவில்லை. ஆனாலும் ஊரில் அவருக்கு 'நாரைக்காரர்' என்று பெயர். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது.

பக்கத்து எஸ்டேட்டில் டிரஸ்ஸராக இருந்தான் ஜெயபாலன். காயத்துக்குக் கட்டுப்போடுவதும் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும் அவன் வேலை. சிங்கப்பூர் போனவன் படச்சுருள் போடும் ஒரு பழைய மடிப்புக் கேமராவோடு திரும்பினான்.

"அண்ணே, நானும் சம்பான்ல வரட்டுமா?"

துடுப்புப் போட ஆள் கிடைத்ததே என்று கிரகோரி சரி என்றார்.

(இங்கே ஐலீன் ஜெயபாலனைப் பார்த்துச் சிரித்தாள் என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். ஆண்களின் பொறாமையை ஒரு பெண்மேல் ஏற்றிவிடுவது எழுதுகிறவனுக்கு வசதி. இந்தப் பொறாமை படத்தைப் பற்றியது மட்டுமே.)

3

அந்த ஞாயிறு சம்பானைச் சேற்று விளிம்பில் நிறுத்தி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய நாரை ஒன்று நடந்து நடந்து பக்கத்தில் வந்தது. திடீரென்று எழும்பியது. கிரகோரி தகட்டின் மூடியை இழுக்கக் குனிந்திருந்தார். நிமிர்ந்து அமுக்கினார்.

"எடுத்தீங்களாண்ணே?"

"எடுத்தேன். நீ?"

"நானும் அமுக்கினேன். எப்படி வந்திருக்கோ. ஆனா அது எழும்பினதைப் பார்த்தீங்களா?"

கிரகோரி பார்க்கவில்லை. "ம்" என்றார்.

4

படச்சுருளைக் கழுவ ஜெயபாலனுக்கு வேறு இடம் இல்லை. கிரகோரியிடமே கொடுத்துவிட்டுப் போனான்.

இருட்டறையில் கிரகோரி முதலில் தன் தகட்டைக் கழுவினார். காலியான சேறும் ஓரத்தில் ஒரு சிறகு நுனியும். பிறகு ஜெயபாலனின் சுருளைச் சிவப்பு விளக்கில் தூக்கிப் பிடித்தார். நாரை முழுசாக இருந்தது. சிறகுகள் விரிந்து, ஒரு கால் காற்றில், மறுகால் இன்னும் சேற்றில். இத்தனை வருஷமாக அவர் கனவு கண்ட படம். போன மாதம் கேமரா பிடிக்கப் பழகியவன் எடுத்தது.

(அப்போது அவருக்கு எப்படி இருந்தது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.)

ஜெயபாலன் வந்து கேட்டபோது, "உப்புத்தண்ணி உள்ள போயிருக்கு. ஒண்ணும் வரலை" என்றார்.

"பரவாயில்லைண்ணே. கண்ணால பார்த்தாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

திட்டியிருந்தால் கிரகோரி தாங்கியிருப்பார்.

5

முடிவுகள்.

கிரகோரி நெகட்டிவை எரித்தார் என்று எழுதினேன். முடியாது. படம் எடுக்கிறவன் அப்படி ஒன்றை எரிக்கமாட்டான். ஒரு டப்பாவில் ஒளித்துவைத்து, கடையைச் சாத்தியபின் எடுத்து எடுத்துப் பார்ப்பான்.

ஜெயபாலனிடம் போய் உண்மையைச் சொன்னார் என்று எழுதினேன். நானே நம்பவில்லை.

நடந்தது இது. வண்ணக் குப்பி தேடிய ஐலீன் அந்த டப்பாவைத் திறந்தாள். தகடு இல்லை, சுருள். யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. (அவளுக்காகப் பெரிய சண்டை ஒன்று எழுதிப்பார்த்தேன். அவள் வாயில் அது ஒட்டவில்லை.) கிரகோரி சாமான் வாங்கப் பசாருக்குப் போயிருந்த நேரத்தில் அதைப் பெரிதாக அச்சுப்போட்டு, முகப்புக் கண்ணாடிக்குள் வைத்தாள்.

திரும்பி வந்தவர் கடைமுன் கூட்டத்தைப் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரர் அவர் தோளில் தட்டினார். "நாரைக்காரரே, கடைசியில பிடிச்சிட்டீங்க."

கிரகோரி உள்ளே போனார். "யார் உன்னை வைக்கச் சொன்னது?"

"நல்ல படம். அதான் வச்சேன்." ஐலீன் ஒரு வெள்ளை அட்டையையும் பேனாவையும் மேசைமேல் வைத்திருந்தாள். "கீழே பேர் எழுதணும். என்ன பேர் எழுதட்டும், சொல்லுங்க."

அவர் பதில் சொல்லுமுன் வாசலில் ஜெயபாலன் நின்றான். கண்ணாடிக்கு வெளியே வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். நேரே வந்து கிரகோரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"என்னோடது போனாலும் உங்களோடது வந்திருச்சேண்ணே. நான் பார்த்த மாதிரியே இருக்கு. எனக்கு இது போதும்."

அவன் பொய் சொல்லவில்லை. கிரகோரி அவன் முகத்தில் தேடித் தேடிப் பார்த்தார். துளி சந்தேகம் இல்லை, துளி வயிற்றெரிச்சல் இல்லை. நாரையைவிட அந்த முகத்தின்மேல்தான் அவருக்கு இப்போது பொறாமை வந்தது.

6

இதற்கு மேல் இரண்டு தடவை எழுதினேன். ஒன்றில் கிரகோரி "இது நீ எடுத்தது" என்கிறார். மற்றதில் "ஆமா தம்பி" என்கிறார். இரண்டிலும் ஜெயபாலன் அவர் கையை விடவில்லை. எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

ஐலீன் பேனாவைத் திறந்துகொண்டு காத்திருக்கிறாள். என்ன பெயர் என்று நீங்கள் அவளுக்குச் சொல்லுங்கள். எனக்கு 'ஜெ' வரைதான் எழுத வருகிறது.